பிள்ளையை எப்படிக் கூப்பிடுகிறோம்?



குழந்தை பிறந்ததும் உடம்பைப் பார்த்து ஆண், பெண் என்று சொல்லிவிடுகிறோம். பெரும்பாலோருக்கு அது பொருந்திப் போகிறது. சிலருக்குப் பொருந்துவதில்லை. ஆண் என்று வளர்த்த பிள்ளை, வளர வளரத் தன்னைப் பெண்ணாக உணர்ந்தால் அவர் திருநங்கை. பெண் என்று வளர்த்த பிள்ளை தன்னை ஆணாக உணர்ந்தால் அவர் திருநம்பி.

"நீ செல்லம் கொடுத்துக் கெடுத்துட்டே" என்று மனைவியைக் கணவர் ஏசுவதுண்டு. இது தாயின் குற்றமல்ல. யார் விட்ட சாபமுமல்ல. 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில், மனநோய்கள் வரிசையில் இது இல்லை. அடித்தாலும் மாறாது, மந்திரித்தாலும் மாறாது. "கால்கட்டுப் போட்டா சரியாயிடும்" என்று கல்யாணம் செய்து வைத்தால் இரண்டு உயிர்கள் தவிக்கும்.

அப்படியானால் என்ன செய்வது? முதலில் நம் பேச்சைத் திருத்துவோம். தமிழில் 'வந்தான்', 'வந்தாள்' என்று வாய் திறந்தாலே ஆணா பெண்ணா என்பது வந்துவிடுகிறது. தன்னைப் பெண்ணாக உணர்பவரை நாள் முழுக்க 'வாடா, போடா' என்றால், ஒவ்வொரு தடவையும் முள்ளாய்க் குத்தும். கைக்குழந்தையை 'அது' என்றால் செல்லம். வளர்ந்தவரை 'அது' என்றால் அவமானம்.

அவர் விரும்பும் பெயரையே சொல்லுங்கள். 'அவள்' என்று சொல்லச் சொன்னால் 'அவள்' என்றே சொல்லுங்கள். அயலார் என்றால், "உங்களை எப்படிக் கூப்பிடட்டும்?" என்று கேட்பதில் தப்பில்லை. 'அவர்', 'வாங்க', 'உட்காருங்க' என்னும் மரியாதைச் சொற்கள் எல்லோருக்கும் பொருந்தும். பழக்கத்தில் வாய் தவறினால், உடனே திருத்திச் சொல்லிவிட்டு மேலே பேசுங்கள்.

தமிழ்நாடு அரசு 2008-இல் திருநங்கைகளுக்கென நல வாரியம் அமைத்தது. தம் பாலினம் எது என்று தாமே சொல்லும் உரிமை அவர்களுக்கு உண்டு என்று உச்ச நீதிமன்றம் 2014 ஏப்ரல் 15 அன்று தீர்ப்பளித்தது. ஆனால் சட்டமும் வாரியமும் பெற்றவர்களுக்கு ஈடாகுமா?

வீட்டில் ஏச்சு தாங்காமல் பிள்ளை வெளியேறினால் படிப்பு நிற்கும். கண்டவர் கொடுக்கும் ஊசி மாத்திரையை நம்பினால் உயிருக்கே ஆபத்து. சந்தேகம் இருந்தால் அரசு மருத்துவமனை டாக்டரிடம் பிள்ளையோடு போய்க் கேளுங்கள்.

சோறு போட்டால் மட்டும் போதாது. கணவனும் மனைவியும் கலந்து பேசுங்கள். பிள்ளை விரும்பும் பெயரை இருவரும் வாயாரக் கூப்பிடுங்கள். பிள்ளை வீட்டிலேயே இருக்கும், குடும்பமும் நலமாயிருக்கும்.