பிள்ளை மட்டும் வந்தால் போதாது

(யூபிலி விழாவையொட்டி நடந்த பெற்றோர் கூட்டத்தில் பங்குத்தந்தை ஆற்றிய உரை)



யூபிலிக்காகக் கோவிலுக்கு வெள்ளையடித்தோம், கொடிமரத்தைப் புதுப்பித்தோம். வீட்டிலே வளரும் பிள்ளைகளின் மனத்தைப் பற்றியும் இன்று சிறிது பேசுவோம்.

"சாமி, இவன் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை, தலையில் கைவைத்துச் செபியுங்கள்" என்று பிள்ளைகளை அழைத்து வருகிறீர்கள். நானும் செபிக்கிறேன். ஆனால் பிள்ளையை என் முன்னால் நிறுத்திவிட்டு, நீங்கள் வாசலிலேயே நின்றுவிடுகிறீர்கள். நாம் விவசாயிகள். பயிர் வாடினால் பயிரையா திட்டுகிறோம்? மண்ணைப் பார்க்கிறோம், பூச்சியைப் பார்க்கிறோம், ஏரி மதகிலிருந்து வாய்க்கால் வழியாகத் தண்ணீர் வருகிறதா என்று பார்க்கிறோம். மனநல ஆலோசகரும் அப்படித்தான் பார்க்கிறார். அழைத்து வரப்பட்ட பிள்ளையோடு, அது வளரும் வீட்டையும் அவர் அறிய விரும்புகிறார்.

இது மேலைநாட்டிலிருந்து மட்டும் வந்த முறை என்று எண்ணவேண்டாம். 1950-களில் அமிர்தசரஸ் மனநல மருத்துவமனையில் டாக்டர் வித்யாசாகர், நோயாளிகளின் உறவினரை வளாகத்திலேயே கூடாரங்களில் தங்கவைத்துச் சிகிச்சையில் பங்குபெறச் செய்தார். நமக்கு அருகிலுள்ள வேலூரில், கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் மனநல மையம் பாகாயத்தில் 1957-இல் தொடங்கியது. அதைத் தொடங்கிய டாக்டர் புளோரன்ஸ் நிக்கோல்ஸ் அம்மையார் காலம் முதல், நோயாளியுடன் உறவினர் ஒருவர் தங்கவேண்டும் என்பதே அங்கு வழக்கம். மனவளர்ச்சி குன்றிய பிள்ளைகளுக்காக அங்கே 'நம்பிக்கை நிலையம்' இருக்கிறது. பெற்றோர் பிள்ளையோடு தங்கி, அதற்கு உண்ணவும் உடுத்தவும் பேசவும் கற்பிக்கும் முறையைத் தாங்களே பழகிக்கொண்டு வீடு திரும்புகிறார்கள். ஆலோசகர் பிள்ளையோடு இருப்பது சில மணி நேரம். நீங்கள் இருப்பதோ ஆண்டு முழுவதும்.

ஆலோசகர் என்னதான் செய்கிறார்? சிறு பிள்ளைக்குத் தன் துயரத்தைச் சொல்லத் தெரியாது. பள்ளிக்குப் புறப்படும் நேரத்தில் வயிறு வலிக்கும். பல ஆண்டுகளுக்கு முன் நின்றுபோன படுக்கை நனைத்தல் திரும்ப வரும். முதலில் உடல் நோய் உண்டா என்று மருத்துவர் பார்க்கவேண்டும். அது இல்லையென்றால், ஆலோசகர் பிள்ளையைத் தரையில் உட்காரவைத்து, பொம்மையும் வண்ணப் பென்சிலும் கொடுக்கிறார். சில பிள்ளைகள் வீட்டை வரையும்போது அப்பாவை மட்டும் தூரத்தில் வரையும். அதைக் கண்டு ஆலோசகர் உடனே தீர்ப்புச் சொல்வதில்லை. "இவர் ஏன் தூரத்தில் நிற்கிறார்?" என்று மெதுவாகக் கேட்டுவிட்டுக் காத்திருக்கிறார்.

வளர்ந்த பிள்ளையிடம் வேறு வழி. அவனோடு தனியாகப் பேசுகிறார். அவன் சொன்னதைப் பெற்றோரிடம் ஒப்பிப்பதில்லை. பாவசங்கீர்த்தனத்தின் இரகசியத்தை அறிந்த நமக்கு இதன் அருமை விளங்கும். ஆனால் இங்கே ஒரு வேற்றுமை உண்டு. பிள்ளையின் உயிருக்கு ஆபத்து என்றால், அல்லது யாராவது அதைத் தீய முறையில் தொட்டிருந்தால், ஆலோசகர் பேசாதிருக்க மாட்டார். 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி, பாலியல் கொடுமையை அறிந்தவர் காவல்துறைக்குத் தெரிவித்தாக வேண்டும். செய்தவர் உறவினரோ, ஆசிரியரோ, கோவிலைச் சேர்ந்தவரோ, யாராயினும் சரி. குடும்ப மானம் என்று சொல்லி மூடிவைத்தால், பிள்ளையை இரண்டாம் முறை காயப்படுத்துகிறோம்.

பிறகு பெற்றோரை அழைப்பார். இங்கேதான் நம்மவர் தயங்குகிறார்கள். "என் மேல் பழி வருமோ?" என்று அப்பா அஞ்சுகிறார்; "ஊர் என்ன சொல்லும்? பெண்ணுக்கு நாளை வரன் வருமா?" என்று அம்மா அழுகிறாள். நம் உத்திரமேரூர் வைகுண்டப்பெருமாள் கோவிலில் பராந்தக சோழன் காலத்துக் குடவோலைக் கல்வெட்டுகள் உள்ளன. கி.பி. 919, 921 ஆண்டுகளில் பொறிக்கப்பட்டவை. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவனோடு, அவன் உறவினர் பெயரையும் குடவோலைக்கு எழுதக் கூடாது என்பது அதில் ஒரு விதி. ஊர்ப் பணத்தைக் காக்க அது நல்ல விதிதான். ஆனால் ஒரு பிள்ளையின் மனம் நொந்தால், அந்த வீட்டாரையே ஒதுக்கிவைக்கும் வழக்கத்தை நாமாக ஏற்படுத்திக்கொண்டோம். அதை எந்தக் கல்வெட்டும் சொல்லவில்லை. ஆட்டிசம் தாயின் அன்புக் குறைவால் வருகிறது என்று முன்பு மேலைநாட்டு அறிஞர் சிலரும் எழுதினார்கள். அது தவறென்று பின்னர் தெளிவாயிற்று. எத்தனை தாய்மார் வீணாகக் கண்ணீர் விட்டார்கள்! ஆலோசகர் உங்களைக் கூப்பிடுவது குற்றவாளியாக அல்ல, உடன் உழைப்பவராக.

அவர் கேட்கும் காரியங்கள் பெரும்பாலும் சிறியவை. அண்ணனோடு ஒப்பிட்டுத் தம்பியைத் தாழ்த்தாதீர்கள். அடிக்காதீர்கள். நல்லது செய்தால் அப்போதே சொல்லிப் பாராட்டுங்கள். நாளில் கால் மணி நேரம் கைப்பேசியை எடுத்துவைத்துவிட்டுப் பிள்ளை பேசுவதைக் கேளுங்கள். குடிக்கும் தந்தையிடம் அவர் பெரிய காரியத்தையே கேட்பார்: "நீங்களும் சிகிச்சைக்கு வாருங்கள்." மகன் திருந்த மருந்து தேடும் தந்தை, தன் கிளாசைக் கீழே வைக்கச் சம்மதிப்பாரா? பல வீடுகளில் பிள்ளையின் நலம் அந்த ஒரு பதிலில்தான் இருக்கிறது.

பன்னிரண்டு வயது இயேசு எருசலேமில் தங்கிவிட்டபோது, மரியாளும் சூசையப்பரும் இருவருமாகவே தேடிப் போனார்கள். கண்டதும் அடிக்கவில்லை, கேட்டார்கள். பதில் விளங்கவில்லை. ஆயினும் தாய் அதை மனத்தில் வைத்துச் சிந்தித்தாள். திருக்குடும்பத்திலும் பெற்றோருக்கு விளங்காத நாள் ஒன்று இருந்தது என்பது நமக்கு ஆறுதல்.

ஆகவே, இரண்டு வாரத்திற்கு மேல் பிள்ளை உண்ணாமல் உறங்காமல் ஒதுங்கியிருந்தால் காத்திருக்காதீர்கள். சாவைப் பற்றிப் பேசினால் ஒரு நாளும் காத்திருக்கவேண்டாம். தனியே விடவும் வேண்டாம். வீட்டிலுள்ள பூச்சிமருந்தைப் பூட்டிவையுங்கள். காஞ்சிபுரம் அரசுத் தலைமை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். 2022-இல் அரசு தொடங்கிய 'டெலி மானஸ்' எண் 14416. குழந்தைகள் உதவி எண் 1098. இரண்டும் இலவசம், இரவிலும் பேசலாம். தேர்வு முடிவு வரும் வாரத்தில் இந்த எண்களைச் சுவரில் எழுதிவையுங்கள்.

போகும்போது அப்பா, அம்மா இருவரும் சேர்ந்து போங்கள். பேருந்துக் கட்டணம் இல்லையென்றால் என்னிடம் வாருங்கள். வின்சென்ட் தே பவுல் சபையாரிடம் சொல்கிறேன். செபத்தை நான் நிறுத்தமாட்டேன். நீங்களும் வாசலில் நின்றுவிடாதீர்கள்.

இறைவன் உங்கள் இல்லங்களை நிறைவாக ஆசீர்வதிப்பாராக!