மலடி என்ற சொல்லுக்கு ஆண்பால்

(மாணவர்களும் இயக்கத் தோழர்களும் கூடிய படிப்பு வட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சுநடை பல இடங்களில் அப்படியே விடப்பட்டிருக்கிறது.)



கவிதை பற்றிப் பேசத்தான் கூப்பிட்டீர்கள். மன்னிக்க வேண்டும். ஆம்பளைகளுக்குக் குழந்தை பிறக்காமல் போவது பற்றிப் பேசப் போகிறேன். இயக்கக் கூட்டத்தில் இதெல்லாமா என்று பின்வரிசையில் யாராவது முணுமுணுக்கலாம். 1938-இல் பம்பாய் சட்டமன்றத்தில், கருத்தடை வசதிகளை அரசு செய்து தர வேண்டும் என்ற தீர்மானத்துக்கு அம்பேத்கர் பேச்சு தயாரித்துக் கொடுத்தார். அவர் கட்சியைச் சேர்ந்த ரோகம் அதைச் சபையில் பேசினார். தீர்மானம் தோற்றுப்போனது. ஆனால் படுக்கையறை விஷயம் என்று பொத்திவைத்ததை அன்றே சபைக்கு இழுத்து வந்துவிட்டார்கள். அந்தத் தைரியத்தில் பேசுகிறேன்.

ஒரு சொல்லிலிருந்து தொடங்குகிறேன். 'மலடி'. இந்தச் சொல்லைக் கேட்காமல் வளர்ந்தவர் இங்கே யாரும் இருக்க முடியாது. குழாயடியில் கேட்டிருப்பீர்கள், வளைகாப்பு வீட்டில் கேட்டிருப்பீர்கள், பங்காளிச் சண்டையில் கேட்டிருப்பீர்கள். இதற்கு ஆண்பால் என்ன? அகராதியில் 'மலடன்' என்று இருக்கிறது. ஆனால் தெருச் சண்டையில் யாராவது ஓர் ஆம்பளையைப் பார்த்து 'டேய் மலடா' என்று கத்திக் கேட்டதுண்டா? நான் கேட்டதில்லை. அகராதியில் இருக்கிற சொல் தெருவில் இல்லை. குறை அவள் வயிற்றில்தான் இருக்க முடியும் என்று தெரு முன்கூட்டியே தீர்ப்பெழுதி வைத்திருக்கிறது.

நான் வங்கியில் குமாஸ்தா. நகைக்கடன் கவுண்டரில் பல வருஷம் உட்கார்ந்திருக்கிறேன். "என்ன செலவுக்கும்மா?" என்று படிவத்துக்காகக் கேட்போம். "ஆஸ்பத்திரிச் செலவு சார்" என்பார்கள். சிலர் குரலை இறக்கி "கொழந்த வைத்தியம்" என்பார்கள். தராசில் இருப்பது அந்தப் பெண்ணின் நகை. வைத்தியமும் பெரும்பாலும் அந்தப் பெண்ணின் உடம்புக்குத்தான். "வீட்டுக்காரருக்கு டெஸ்ட் எடுத்தாச்சாம்மா?" என்று கேட்க நாக்கு நுனிவரை வரும். கேட்டதில்லை. கேட்கிற யோக்கியதை எனக்கு அப்போது இல்லை.

எனக்குக் கல்யாணமாகி ஐந்து வருஷம் குழந்தை இல்லை. அந்த ஐந்து வருஷத்தில் என் துணைவி போகாத கோயில் இல்லை, குடிக்காத கஷாயம் இல்லை. ஸ்கேன் எடுத்தார்கள், கருக்குழாய்க்குள் மருந்து செலுத்திப் படம் எடுத்தார்கள், வயிற்றில் துளை போட்டுக் கருவியை விட்டுப் பார்த்தார்கள். எல்லாம் சரியாக இருக்கிறது என்றார்கள். ஒருநாள் ராத்திரி அவள் கேட்டாள்: "ஏங்க, நீங்க ஒருவாட்டி டெஸ்ட் எடுத்துப் பாத்தா என்ன?" எனக்கு வந்த கோபம் இருக்கிறதே! மேடையில் பெண் விடுதலை பேசுகிறவன் நான். "என்னப் பாத்தா எப்பிடி இருக்குது ஒனக்கு?" என்று கத்தினேன். அவள் கேட்டது விந்தணுவைப் பற்றி. எனக்குக் கேட்டது 'ஆண்மை'யைப் பற்றி.

இங்கேதான் மொழி நம்மை ஏமாற்றுகிறது. 'ஆண்மைக் குறைவு' என்று சுவரெல்லாம் விளம்பரம் எழுதியிருக்கிறதே, அந்த ஒரு சொல்லுக்குள் இரண்டு வேறு வேறு விஷயங்களைப் போட்டுக் குழப்பி வைத்திருக்கிறார்கள். குறி விறைப்பது ஒன்று. விந்தில் போதுமான, ஓடக்கூடிய உயிரணுக்கள் இருப்பது இன்னொன்று. உறவில் ஒரு குறையும் இல்லாத, மீசையும் புஜமுமாக இருக்கிற ஒருவனின் விந்தில் ஓர் அணுகூட இல்லாமல் இருக்கலாம். மொத்த ஆண்களில் ஏறத்தாழ நூற்றுக்கு ஒருவர் அப்படி. வெளியே பார்த்தாலும் தெரியாது, விந்தைக் கண்ணால் பார்த்தாலும் தெரியாது. கெட்டியா, தண்ணியா என்பதை வைத்தும் சொல்ல முடியாது. உருப்பெருக்கியில் வைத்துப் பார்த்தால்தான் தெரியும்.

கணக்கைச் சொல்கிறேன். உலக அளவில் ஆறு பேரில் ஒருவர் வாழ்நாளில் எப்போதாவது குழந்தையின்மையைச் சந்திக்கிறார் என்று உலக சுகாதார நிறுவனம் 2023-இல் அறிக்கை தந்தது. குழந்தையில்லாத தம்பதிகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்குக்கு ஆண் பக்கம் மட்டுமே காரணம். இன்னும் மூன்றில் ஒரு பங்குக்கு இருவர் பக்கமும். ஆகப் பாதிப் பேருக்கு ஆணின் பங்கும் இருக்கிறது. அந்தப் பாதியைச் சோதிக்காமல் பெண்ணின் வயிற்றில் துளை போடுவதற்கு என்ன பெயர்?

சரி, அறிகுறி என்ன என்று கேட்பீர்கள். முதல் உண்மை: பெரும்பாலானவர்களுக்கு அறிகுறியே இருக்காது. குழந்தை தங்காததுதான் ஒரே அறிகுறி. ஆனால் சிலவற்றைக் கவனிக்க வேண்டும். கூச்சப்படாமல் கேளுங்கள்.

விதைப்பையில், பெரும்பாலும் இடது பக்கம், நின்றுகொண்டிருக்கும்போது புழு சுருண்டு கிடப்பதுபோல் நரம்பு தட்டுப்படுகிறதா? அது 'வேரிகோசீல்', ரத்தநாளப் புடைப்பு. நூற்றில் சுமார் 15 ஆண்களுக்கு இருக்கும். எல்லோருக்கும் தொந்தரவு தராது. ஆனால் குழந்தையின்மைக்காக வருகிற ஆண்களைச் சோதித்தால் நூற்றில் 40 பேர்வரை இருக்கிறது. விரை ரொம்பச் சின்னதாக, கெட்டியாக இருக்கிறதா? மீசை தாடி சரியாக முளைக்கவில்லையா, மார்பு பெண்களைப்போல் பெருத்திருக்கிறதா, ஆசை அறவே குறைந்துவிட்டதா? சுரப்பிலோ பிறவியிலேயே குரோமோசோமிலோ கோளாறு இருக்கலாம். வெளியேறும் விந்து மிகக் குறைவாக இருக்கிறதா? உச்சத்துக்குப் பிறகு சிறுநீர் கலங்கலாகப் போகிறதா? சர்க்கரை நோயாளிகள் சிலருக்கு விந்து வெளியே வராமல் பின்னோக்கி மூத்திரப்பைக்குள் போய்விடும்.

பழைய கதையையும் நினைத்துப் பாருங்கள். வயசுக்கு வந்த பிறகு பொன்னுக்கு வீங்கி வந்து விரையும் வீங்கியதா? சின்ன வயசில் விரை பைக்குள் இறங்காமல் இருந்ததா? குடலிறக்க ஆபரேஷன் நடந்ததா? அந்த இடத்தில் பலமாக அடிபட்டதா? காசநோய், புற்றுநோய் சிகிச்சை உண்டா? இதையெல்லாம் டாக்டர் கேட்காவிட்டாலும் நீங்களாகச் சொல்ல வேண்டும். வீட்டில் ஆண் குழந்தை இருந்தால் இன்றைக்கே தொட்டுப் பாருங்கள். ஆறு மாதமாகியும் இரண்டு விரையும் பையில் இல்லையென்றால், ஒன்றரை வயதுக்குள் அறுவை சிகிச்சை செய்துவிட வேண்டும்.

அடுத்து, வேலை. 1977-இல் அமெரிக்காவில், கலிபோர்னியாவின் லாத்ரோப் என்கிற ஊரில், பூச்சிக்கொல்லி ஆலைத் தொழிலாளிகள் தங்களுக்குள் பேசிப் பார்த்தார்கள். ஒரே பிரிவில் வேலை செய்கிற நமக்கு ஏன் குழந்தை பிறக்கவில்லை? பரிசோதனை செய்தபோது பலருக்கு விந்தணு மிகக் குறைவு, சிலருக்கு அறவே இல்லை. அவர்கள் கையாண்டது டி.பி.சி.பி. என்கிற, மண்புழுதியில் உள்ள நூற்புழுக்களைக் கொல்லும் மருந்து. அது விலங்குகளின் விரையைச் சுருக்குகிறது என்று 1961-லேயே ஆய்வு வந்திருந்தது. தொழிலாளிக்கு யாரும் சொல்லவில்லை. அதே மருந்து பயன்படுத்தப்பட்ட கோஸ்டா ரிகா, நிகராகுவா வாழைத் தோட்டங்களில் ஆயிரக்கணக்கான கூலிகள் பாதிக்கப்பட்டு நீதிமன்றம் ஏறினார்கள். அந்த ஆலையில் உண்மை வெளிவந்தது எப்படி? ஆம்பளைகள் வெட்கத்தை விட்டு ஒருத்தருக்கொருத்தர் பேசியதால்.

நம்ம ஊரில் மருந்து அடிப்பது யார்? நிலம் ஒருத்தருடையது, ஸ்பிரேயர் டேங்க் நம்ம ஆள் முதுகில். கையுறை இல்லை, முகமூடி இல்லை, அடித்துவிட்டு அதே கையால் பீடி. எல்லா மருந்தும் மலடாக்கும் என்று நான் சொல்லவில்லை. எந்த மருந்தை எத்தனை வருஷம் அடித்தோம் என்பதை டாக்டரிடம் சொல்ல வேண்டும் என்கிறேன். சூடும் அப்படித்தான். விரை உடம்புக்கு வெளியே தொங்குவது சும்மா இல்லை. உடம்பைவிட 2 முதல் 4 டிகிரி செல்சியஸ் குறைவாக இருந்தால்தான் விந்தணு ஒழுங்காக உருவாகும். செங்கல் சூளை, உலை, பாய்லர் பக்கம் நிற்கிறவர்கள் இதையும் சொல்ல வேண்டும். பீடி, சிகரெட், குடி மூன்றும் கெடுதல். மாணவத் தோழர்களுக்குத் தனியாக ஒன்று: ஜிம்மில் உடம்பு ஏற்ற ஊசி போடுகிறார்களே, அந்த டெஸ்டோஸ்டிரோன் வகை ஊசி வெளியே புஜத்தை வளர்த்துவிட்டு உள்ளே விந்தணு உற்பத்தியை நிறுத்திவிடும். ஆண்மை வேஷம் போட்டு விந்தணுவைத் தொலைப்பது இதுதான்.

எப்போது போக வேண்டும்? கருத்தடை எதுவும் இல்லாமல் ஒழுங்காகச் சேர்ந்து வாழ்ந்தும் ஒரு வருஷம் ஆகிவிட்டதென்றால் போக வேண்டும். மனைவிக்கு 35 வயது தாண்டியிருந்தால் ஆறு மாதத்திலேயே. மேலே சொன்ன அடையாளமோ பழைய கதையோ இருந்தால் காத்திருக்கவே வேண்டாம். விரையில் வலியில்லாத கட்டி தட்டுப்பட்டால் அன்றைக்கே போக வேண்டும், அது புற்றாக இருக்கலாம். திடீரென்று தாங்க முடியாத வலி வந்தால் விரை முறுக்கிக்கொண்டிருக்கலாம். அதற்கு மணிக்கணக்குத்தான் அவகாசம்.

இருவரும் சேர்ந்து போக வேண்டும், சோதனை இருவருக்கும் ஒரே நேரத்தில் தொடங்க வேண்டும். ஆணுக்கு முதல் சோதனை விந்துப் பரிசோதனை. கத்தி இல்லை, ஊசி இல்லை, வெளியில் எடுத்தாலும் சில நூறு ரூபாய். 2 முதல் 7 நாள் விந்து வெளியேறாமல் இருந்துவிட்டு, ஆய்வகம் தருகிற டப்பாவில் கையால் எடுத்துக் கொடுக்க வேண்டும். எண்ணெய், எச்சில், சோப்பு, சாதாரண ஆணுறை எதுவும் கூடாது. முதலில் வருகிற துளி சிந்திவிட்டால் மறைக்காமல் சொல்ல வேண்டும், அதில்தான் அணுக்கள் அதிகம். வீட்டில் எடுத்தால் உடம்பை ஒட்டி வைத்துக்கொண்டு ஒரு மணி நேரத்துக்குள் கொண்டுபோக வேண்டும்.

தாளில் எண்கள் வரும். 2021-இல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட கையேட்டின்படி கீழ்வரம்பு, ஒரு மில்லிக்கு 1 கோடியே 60 லட்சம் அணுக்கள், அசைவது 42 சதவீதம். இது பாஸ், பெயில் மதிப்பெண் அல்ல. குறைவாக இருந்தும் குழந்தை பிறந்தவர்கள் உண்டு. ஒரு விந்தணு உருவாகி முடிய இரண்டரை மாதம் ஆகிறது. போன மாதம் வந்த கடும் காய்ச்சல்கூட இந்த மாத எண்ணிக்கையைக் குறைக்கும். ஆகவே ஒரு தாளை வைத்துத் தீர்ப்பெழுதக் கூடாது, சில வாரம் கழித்து மறுபடி எடுக்க வேண்டும். குறை இருந்தால் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் சிறுநீரியல் பிரிவுக்குப் போங்கள். அடைப்பா, உற்பத்திக் குறைவா, சுரப்புக் கோளாறா என்று பிரித்துப் பார்ப்பார்கள். சிலது மருந்தில் தீரும், சிலது அறுவையில். ஒரே ஒரு அணுவை எடுத்துக் கருமுட்டைக்குள் செலுத்துகிற முறையில் 1992-இலேயே குழந்தை பிறந்துவிட்டது. ஆனால் அதற்கு லட்சக்கணக்கில் செலவாகும், ஊசிகள் எல்லாம் மறுபடி அவள் உடம்பில். உங்களைத் தொட்டுக்கூடச் சோதிக்காமல் நேராக அங்கே தள்ளுகிற இடம் என்றால் எழுந்து வந்துவிடுங்கள். 2021-ஆம் வருஷச் சட்டப்படி அப்படிப்பட்ட மையங்கள் பதிவு செய்திருக்க வேண்டும், அதையும் கேளுங்கள். லாட்ஜில் ரூம் போட்டு லேகியம் விற்கிறவர்களிடம் போகாதீர்கள். ஒரு துளி விந்து இத்தனை துளி ரத்தம் என்பதெல்லாம் பொய். கைப்பழக்கத்தால் மலட்டுத்தன்மை வராது.

இன்னொரு கணக்கு. 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி குடும்பக் கட்டுப்பாட்டு அறுவை செய்துகொண்ட பெண்கள் நூற்றுக்கு சுமார் 38. ஆண்கள் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை, 0.3. பிள்ளை பெறவும் அவள் வயிற்றில் கத்தி, பிள்ளையை நிறுத்தவும் அவள் வயிற்றில் கத்தி. வெளியே சாதி நம்மைக் குனிய வைக்கிறது. அந்த முதுகை வீட்டுக்குள் வந்து அவள் மேல் நிமிர்த்திக்கொள்கிறோம்.

என் கதையை முடிக்கிறேன். ஆறாவது வருஷம் பரிசோதனை எடுத்தேன். எண்ணிக்கை மிகக் குறைவு, வேரிகோசீல். தாளை மடித்து அலுவலக மேசை இழுப்பறையில் வைத்துப் பூட்டினேன். துணைவியிடம் சொன்னேன். அம்மாவிடம் சொல்லவில்லை. ஒரு வருஷம் சொல்லவில்லை, தோழர்களே. அந்த ஒரு வருஷமும் அம்மா அவளை விரதம் இருக்க வைத்தாள், வளைகாப்புக்குப் போகாதே என்று தடுத்தாள். அவள் என் முகத்தை ஒருதரம் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் உள்ளே போய்விடுவாள். குறை என் விரையில் இருந்தது. பழியை அவள் சுமந்தாள். தெரிந்தே சுமக்க விட்டேன்.

ஒருநாள் சோறு போட்டுக்கொண்டிருக்கும்போது சொன்னேன். "அம்மா, கொற அவகிட்ட இல்ல. எங்கிட்டதான்." அம்மா கரண்டியை வைத்துவிட்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தாள். அப்புறம் சொன்னாள்: "பாவி, இத்தினி வருசமா அந்தப் பொண்ண கோயில் கோயிலா இழுத்துனு சுத்தினேனேடா. வாயத் தொறந்து ஒரு வார்த்த சொல்லக்கூடாதா?" எழுந்து அவளிடம் போனாள். என்னிடம் இரண்டு நாள் பேசவில்லை.

அறுவை செய்துகொண்டேன். எண்ணிக்கை கொஞ்சம் ஏறியிருக்கிறது. குழந்தை இன்னும் இல்லை. இல்லாமலே போகலாம். அதற்காக எங்கள் வீட்டில் இப்போது யாரும் யாரையும் குத்திப் பேசுவதில்லை.

கூட்டம் முடிந்து யாராவது தனியாகப் பேச வேண்டுமென்றால் டீக்கடையில் இருப்பேன். ஆஸ்பத்திரிக்குப் போகக் கூச்சமாக இருந்தால் சொல்லுங்கள், கூட வருகிறேன். அரை நாள் லீவு போட்டால் போதும்.