முகமூடிக்குள் ஒரு சொற்கலைஞர்



பிறர் பாடிய இசைத்தட்டிலிருந்து ஒரு சிறு துண்டை எடுத்துத் திரும்பத் திரும்ப ஒலிக்கவிட்டு, அதன்மீது தாளத்துக்கு இசையச் சொற்களை அடுக்கிச் செல்வதையும் சங்கீதம் என்று ஒப்புக்கொள்ள மனம் இடங்கொடாத ரஸிகர்கள் நம்மிடையே உண்டு. அவர்களுடைய ஆக்ஷேபத்தை நான் அலட்சியமாக எண்ணவில்லை. ஆயினும், ஹிப்-ஹாப் என்னும் அந்தக் கலையைப் பெருவணிகத்தின் வெளிச்சத்துக்கு அப்பால் நின்று, இசையையும் சாஹித்யத்தையும் பெரும்பாலும் தாமே ஆக்கி வளர்த்த எம்.எஃப். டூம் என்பவரைச் செவிகொடுத்துக் கேட்ட பிறகும் அந்த ஆக்ஷேபம் அப்படியே நிற்குமா என்பது எனக்குச் சந்தேகந்தான்.

டேனியல் டூமிலே என்பது அவருடைய இயற்பெயர். 1971-இல் லண்டனில், டிரினிடாட் தாய்க்கும் ஜிம்பாப்வே தந்தைக்கும் பிறந்து, சிறு பிராயத்திலேயே நியூயார்க்கை அடுத்த லாங் ஐலண்டுக்கு வந்து சேர்ந்தவர். தம்பி சப்ராக்கோடு கே.எம்.டி. என்ற குழுவை நடத்தி, 1991-இல் முதல் தொகுப்பை வெளியிட்டார். 1993-இல் அந்தத் தம்பி கார் மோதி இறந்தார். இருவரும் சேர்ந்து உழைத்த இரண்டாம் தொகுப்பை எலெக்ட்ரா என்ற இசைத்தட்டு நிறுவனம் மறு ஆண்டு வெளியிட மறுத்துவிட்டது. கறுப்பரை இழிவுபடுத்துவதற்கென்றே நெடுங்காலம் வரையப்பட்டுவந்த கேலிப் பொம்மையொன்று தூக்கில் தொங்குவதாக அமைந்த அட்டைப்படமே அதற்குக் காரணம்; அந்த இழிவைத் தூக்கிலிடுவதுதான் படத்தின் தாத்பரியம் என்று உணர்ந்துகொள்ளும் பொறுமை வணிகத்துக்கு இல்லாமற்போயிற்று.

சகோதரனையும் தொழிலையும் ஏறக்குறைய ஒருசேர இழந்த அந்த இளைஞர், சில ஆண்டுகள் மறைந்து வாழ்ந்து, தொண்ணூறுகளின் பிற்பகுதியில், மன்ஹாட்டனிலுள்ள நியூயோரிகன் போயட்ஸ் கஃபேயின் மேடையில், பெண்கள் அணியும் மெல்லிய காலுறையால் முகத்தை மூடிக்கொண்டு தோன்றினார். பின்னர் அது, மார்வெல் சித்திரக்கதைகளில் வரும் டாக்டர் டூம் என்ற வில்லனை ஒட்டிய உலோக முகமூடியாயிற்று. கலைஞனின் தோற்றத்தை விற்றுப் பிழைக்கும் ஓர் உலகத்தில், முகம் வேண்டாம், சொல் போதும் என்று ஒருவர் விரதம் பூண்டதை நான் வெறும் வேஷமாகக் கருதவில்லை.

1999-இல், பாபிட்டோ கார்சியா என்ற வானொலிக்காரர் நடத்திய சிறு நிறுவனத்தின் வாயிலாக 'ஆபரேஷன்: டூம்ஸ்டே' வந்தது. சாடே முதலியோர் பாடிய குழைவான காதற்பாட்டுக்களின் துண்டுகளையும், குழந்தைகளுக்கான கார்ட்டூன்களின் வசனங்களையும் இணைத்து, தைத்த தடம் தெரியும்படியே விட்டுவிட்ட இசை அது. அந்த இனிமைக்கு நடுவே கரகரத்த, அவசரமற்ற, ஒருபோதும் உயராத குரல் புகும்போது, துக்கம் இன்னதென்று பெயர் சொல்லாமலே நம்மை வந்தடைகிறது. பின்பு மெட்டல் ஃபிங்கர்ஸ் என்ற பெயரில், மூலிகைகளின் பெயர்களைத் தலைப்பாகச் சூட்டி அவர் வெளியிட்ட சொல்லில்லா இசைத் தொகுப்புக்கள், சொல்லை நீக்கினாலும் அவர் கலைஞரே என்பதற்குச் சான்று.

சொல்லில்தான் அவருடைய உச்சம். இவ்வாறு தாளத்துக்கு இசையச் சொல்லடுக்கும் ராப் பாடுவோர் பொதுவாக அடியின் இறுதியில் ஓரிரண்டு அசைகளை ஒத்திசைக்க, டூமோ நான்கைந்து அசைகள் கொண்ட தொடரையே எடுத்துக்கொண்டு, அதற்கு முழுமையும் இயைபுடைய மற்றொரு தொடரை அடுத்த அடியில் வைத்து, அடிகளின் நடுவிலும் அதே ஓசையை விதைத்துச் செல்வார். எதுகையிலும் மோனையிலும் பழகிய தமிழ்ச் செவிக்கு, பொருள் முழுதும் விளங்காதபோதும், இந்த ஓசைக் கட்டுமானம் எட்டாமற்போகாது. மேட்லிப் என்ற இசையமைப்பாளரோடு சேர்ந்து 2004-இல் அவர் அளித்த 'மேட்வில்லனி'யில் 22 பகுதிகள் இருந்தும் மொத்தம் முக்கால் மணி நேரமே ஆகிறது; பெரும்பாலானவற்றில் பல்லவி என்பதே கிடையாது. அவ்வாண்டே வந்த 'எம்.எம்..ஃபுட்' உணவைக் கருப்பொருளாகக் கொண்டது. கிங் கிடோரா, விக்டர் வான் என்ற புனைபெயர்களில் முந்திய ஆண்டே இரண்டு தொகுப்புக்கள் வந்திருந்தன.

ஒரு குறையை மறைக்கலாகாது. பிற்காலத்தில் சில மேடைகளுக்குத் தமக்குப் பதிலாக வேறொருவரை முகமூடி அணிவித்து அனுப்பினார். அதையும் கலைத்தத்துவமாகச் சிலர் விளக்கியதுண்டு. பணம் கொடுத்து அவருடைய குரலைக் கேட்க வந்தவர்களுக்கு அது அநீதி என்பதே என் அபிப்பிராயம்.

2010-இல் ஐரோப்பியச் சுற்றுப்பயணம் முடித்துத் திரும்பியபோது, தாம் வளர்ந்த அமெரிக்காவுக்குள் நுழைய அனுமதி மறுக்கப்பட்டு, எஞ்சிய நாட்களை இங்கிலாந்தில் கழித்தார். 2020 அக்டோபர் 31-ஆம் தேதி லீட்ஸ் நகரில், 49-ஆம் வயதில் காலமானார். டிசம்பர் 31-ஆம் தேதிதான் உலகம் அறிந்தது.

புதிதாய்க் கேட்க விரும்பும் நேயர்கள், புகழ் மிகுந்த 'மேட்வில்லனி'யை விடுத்து, 1999-ஆம் ஆண்டுத் தொகுப்பிலிருந்து தொடங்கும்படி வேண்டுகிறேன். முதல் முறை ஓசைக்காகக் கேளுங்கள். மறுமுறை, சொற்களை அச்சில் எதிரே வைத்துக்கொண்டு கேளுங்கள்.