ஒன்பது தோல்விகள்

அமெரிக்கக் கல்லூரிகளிலே உதைபந்தாட்டம் என வழங்குவது, இலங்கை நேயர்கள் நன்கறிந்த உதைபந்தாட்டம் அன்று. அது றக்பி ஆட்டத்தின் வழிவந்தது. பக்கத்துக்குப் பதினொருவர் தலைக்கவசமும் தோட்காப்பும் அணிந்து, நீள்வட்டப் பந்தை ஏந்தி ஓடியும் எறிந்தும், எதிர்ப்பட்டோரை உடலால் மோதி வீழ்த்தியும் ஆடுவர். இலையுதிர் காலச் சனிக்கிழமைகளில் பல்லாயிரவர் அதனைக் காணத் திரள்வர். பருவ முடிவில் வெற்றி தோல்விகளை எண்ணியே பயிற்றுநரின் தகுதி கணிக்கப்படும்.

இக்கணக்கிலே தலைசிறந்து விளங்கியவர்களுள் ஒருவர், ‘கரடி’ என்ற பட்டப்பெயர் பூண்ட போல் பிரையன்ற். தலைமைப் பயிற்றுநராக அவர் பணியாற்றிய ஆண்டுகள் 38. ஈட்டிய வெற்றிகள் 323. அந்த 38 ஆண்டுகளுள் ஒரேயோர் ஆண்டில் மாத்திரமே தோல்விகள் வெற்றிகளை விஞ்சின. அது 1954ஆம் ஆண்டு.

எட்டாண்டுகள் கென்ரக்கிப் பல்கலைக்கழகத்தில் பணிபுரிந்த பிரையன்ற், அவ்வாண்டின் தொடக்கத்திலே ரெக்சாஸ் ஏ அன்ட் எம் கல்லூரிக்கு வந்து சேர்ந்தார். அக்காலத்தில் அங்கு ஆடவர் மாத்திரமே பயின்றனர். படைப்பயிற்சியும் பாடத்தோடு இணைந்திருந்தது. குழு நலிவுற்றிருப்பதைக் கண்ட புதிய பயிற்றுநர், மனவுறுதி உடையோரை மற்றையோரினின்றும் பிரித்தறிய விரும்பினார். செப்டெம்பர் மாதத்தில் ஆட்டக்காரரை இரு பஸ் வண்டிகளில் ஏற்றி, ஜங்ஷன் என்னும் சிற்றூருக்கு அழைத்துச் சென்றார்.

ரெக்சாஸ் மாநிலம் பல்லாண்டு வறட்சியில் வாடிய காலம் அது. நிலம் கல்லும் முள்ளுமாய்க் கிடந்தது. வெப்பம் 100 பாகை பரனைற்றைத் தாண்டியது. பொழுது புலருமுன் தொடங்கிய பயிற்சியின் நடுவே எவருக்கும் நீர் வழங்கப்படவில்லை. நீர் அருந்துவது உடலையும் உள்ளத்தையும் தளர்த்தும் என்பது அன்றைய பயிற்றுநர் பலரின் நம்பிக்கை. இளைஞர் ஒருவர் வெப்பத்தால் தாக்குண்டு வீழ்ந்து, உயிர் பிரியும் நிலை வரை சென்று மீண்டார். இரவோடிரவாகப் பலர் முகாமைவிட்டு நீங்கினர். பத்து நாள்கள் கழிந்தபின் எஞ்சியோர் ஊர் திரும்ப ஒரு வண்டியே போதியதாயிற்று.

பின்னர் ஆட்டப் பருவம் தொடங்கியது. முதல் ஆட்டத்திலேயே ரெக்சாஸ் ரெக் குழுவிடம் 41க்கு 9 என்ற கணக்கில் தோல்வி கிடைத்தது. ஜோர்ஜியாவை 6க்குச் சுழியமென வென்றதே அவ்வாண்டின் ஒரே வெற்றி. ஆடிய பத்து ஆட்டங்களில் ஏனைய ஒன்பதும் தோல்வி. ஆட்டக்காரரை இடையில் மாற்றுவதற்கு அன்றைய விதிகள் பெருந்தடை விதித்திருந்தன. ஆகவே தாக்கியவர்களே காக்கவும் வேண்டியிருந்தது. ஆள் குறைந்த குழுவுக்கு இது பெருஞ்சுமை.

ஆயினும் 1956இல் அதே கல்லூரி ஒன்பது வெற்றிகளும் ஒரு சமநிலையும் பெற்று, ஒரு தோல்வியுமின்றித் தென்மேற்குச் சங்கத்தின் வாகையைச் சூடியது. அன்றுமுதல் ஜங்ஷன் முகாம் பழங்கதையாகிவிட்டது. தாகத்தைத் தாங்கியவரே வாகை சூடினர் என்பது அக்கதையின் போதனை.

அப்போதனை ஆராயத்தக்கது. முதலாமாண்டு மாணவர் கல்லூரியின் முதற்குழுவில் ஆட அக்காலத்தில் உரிமை இல்லாமையால், அவர்கள் ஜங்ஷனுக்குச் செல்லவில்லை. 1956இன் வெற்றிக்குத் தோள்கொடுத்தோருள் அவர்களும் இருந்தனர். 1957இல் நாட்டின் சிறந்த கல்லூரி ஆட்டக்காரருக்கான ஹைஸ்மன் விருதைப் பெற்ற ஜோன் டேவிட் குரோ அத்தகையவரே. தாகம் அவரை உருவாக்கவில்லை. உடல் வியர்த்தே தன்னைக் குளிர்விக்கிறது. நீர் குன்றினால் அவ்வழி தளரும். உள்வெப்பம் ஏறி மூளையையும் சிறுநீரகத்தையும் தாக்கும். அதற்கு மனவுறுதி மருந்தாகாது. இன்று பயிற்சியின் இடையிடையே நீர் கொடுப்பது கடமையெனக் கொள்ளப்படுகிறது. ஆதலால், நள்ளிரவில் முகாமை நீங்கியோரைக் கோழைகள் என்பதும் நீதியன்று.

அவ்வாறாயின் எஞ்சியோரின் பெருமைதான் யாது? அது முகாமில் அன்று, பின்வந்த சனிக்கிழமைகளிலே விளங்குகிறது. ஒரு குழுவிடம் 21க்கு 20 எனவும், மற்றொன்றிடம் 6க்கு 3 எனவும் அவர்கள் தோற்றனர். முன்னரே தோற்றவர்கள் அடுத்த வாரமும் களமிறங்கி, இறுதிவரை எதிரிக்கு எளிதில் இடங்கொடாது ஆடினர் என்பதற்கு அவ்வெண்களே சான்று. அக்குழுவில் இருந்த ஜீன் ஸ்ரோலிங்ஸ் பின்னாளில் தாமும் பயிற்றுநரானார். 1968ஆம் ஆண்டுப் பருத்திக் கிண்ண ஆட்டத்தில் அவருடைய ரெக்சாஸ் குழு, பிரையன்றின் அலபாமாக் குழுவை 20க்கு 16 என வென்றது. தோற்ற ஆசான் வென்ற மாணவரைக் களத்தின் நடுவிலேயே தூக்கி மகிழ்ந்தார்.

1979இல், கால் நூற்றாண்டின் பின்னர், அன்றைய ஆட்டக்காரர் ஜங்ஷனில் மீண்டும் ஒன்றுகூடினர். அப்போது முதுமையெய்தியிருந்த பிரையன்றும் அங்கு வந்திருந்தார். வெற்றிகள் பலவற்றால் உயர்ந்த அம்மனிதரைச் சூழ்ந்து நின்றவர்கள், அவர் வாழ்வில் மிகுதியும் தோற்ற ஓராண்டிலே அவரோடு இருந்தவர்கள்.