கொடுமுடிக் கோகிலம்

அர்த்தநாரீசுவரர் மலையடிவாரத்தில் திரண்டிருக்கும் திருச்செங்கோட்டுப் பெருமக்களே!

காவிரிக்கு அக்கரையிலே, மகுடேசுவரர் கோயில் கொண்ட கொடுமுடியிலே, 1908-ஆம் ஆண்டு பிறந்து, வறுமையினாலே ரயில் வண்டிகளில் பாடிப் பிழைத்த ஒரு சிறுமியின் கையிலே முதற்காசை வைத்த பிரயாணி யாரோ என்று நான் நெடுங்காலமாக யோசித்து வருகிறேன். அவர் பெயர் எந்தச் சரித்திரத்திலும் இல்லை. ஆயினும், கே. பி. சுந்தராம்பாளின் சாரீரத்துக்கு முதல் மரியாதை செய்த ரசிகர் அவரே!

ஐரோப்பாவிலே ஆபெரா என்னும் இசை நாடகம் உண்டு. அதன் பாடகிகளுக்குத் துணையாகப் பெரிய வாத்திய கோஷ்டி. நம் அம்மையாருக்கோ ஒரு ஹார்மோனியம், ஒரு மிருதங்கம். ஒலிபெருக்கி வராத அந்நாளிலே, சங்கரதாஸ் சுவாமிகளின் வள்ளி திருமணத்தில் வள்ளியாகத் தினைப்புனத்தில் நின்று அவர் உச்சஸ்தாயியில் எடுத்தால், கடைசியில் மணலிலே துண்டை விரித்து உட்கார்ந்திருந்த குடியானவனுக்கும் எழுத்தெழுத்தாகக் கேட்கும்!

கை தட்டுங்கள், நன்றாகத் தட்டுங்கள்! நாடகக்காரி பாடுவது சங்கீதமாகுமா என்று கேட்ட கனவான்கள் சிலர் இருந்தார்கள். பெயர் சொல்ல மாட்டேன், உங்களுக்கே தெரியும். ரயிலிலே காசு கொடுத்த அந்தப் பாமரப் பிரயாணிக்கு இருந்த காது அவர்களுக்கு இல்லாமற்போயிற்று! ஆனால் 1935-ல் நந்தனார் படம் வந்தபோது, சங்கீத மகாவித்துவான் மகாராஜபுரம் விசுவநாதய்யரே வேதியர் வேஷம் தரித்து அம்மையாரோடு நடித்தாரே, அதற்கு என்ன சொன்னார்கள் அந்தக் கனவான்கள்?

அந்தப் படத்துக்கு லட்ச ரூபாய் ஊதியம் என்று ஊரெல்லாம் பேசிற்று. எனக்கு லட்சம் பெரிதன்று; அம்மையார் பூண்ட விரதமே பெரிது. நாடக நடிகர் செங்கோட்டைக் கிட்டப்பாவை மணந்து, 1933-ல் அவர் இளமையிலேயே மறைந்தபோது, இருபத்தைந்து வயது அம்மையார் வெண்புடைவை உடுத்து, இனி எந்த ஆடவனோடும் ஜோடியாக நடிப்பதில்லை என்று விரதம் பூண்டார். அந்த விரதத்துக்குப் பங்கமின்றி மறுபடி தோன்றுவது எப்படி? ஆணாகவே வேஷம் தரித்தார், நந்தனாரானார்! பின்பு 1953-ல் ஔவையானார்; 1964-ல் பூம்புகார் படத்திலே கவுந்தியடிகளானார். மாதொரு பாகன் குடிகொண்ட ஊராராகிய உங்களுக்கு, பெண்ணொருத்தி ஆணாகி நின்ற மகிமையை நான் விளக்கவும் வேண்டுமோ!

1951-ல் சட்ட மேலவை ஸ்தானம், 1970-ல் பத்மஸ்ரீ, எல்லாம் வந்தன. ஆனால், அவர் உயிரைக் கொடுத்துப் பாடிய வள்ளி திருமணம் இன்று நம் திருவிழாக்களிலே மூலைக்குத் தள்ளப்பட்டு, அந்த மேடையிலே சினிமாப் பாட்டுக் கச்சேரி நடக்கிறதே, இதை நான் எப்படிப் பொறுப்பேன்? வருகிற வைகாசி விசாகத் தேர்த் திருவிழாவிலே ஒரே ஓர் இரவு, அந்நாடகத்தை விடிய விடிய, ஒரு பாட்டும் குறையாமல் நடத்த வேண்டும். செலவில் ஒரு பங்கை நான் தருகிறேன். மற்றதற்கு யார் பொறுப்பு என்று இந்த மேடையிலேயே, இப்பொழுதே சொல்லுங்கள்!