சேவகன் கல்

தருமபுரியைப் பற்றிப் பேச வந்தவன் இங்கிலாந்து அரசியின் கணவரைப் பற்றி ஏன் பேசுகிறான் என்று கேட்பீர்கள். கேட்கத்தான் வேண்டும், தோழர்களே! முடியரசைப் போற்றுவதற்கன்று, மாண்டவரை நினைக்கும் முறை எது என்று எண்ணிப் பார்ப்பதற்கே.

2021 ஏப்ரல் 9 அன்று, எடின்பரோ கோமகன் பிலிப் தமது 99 ஆம் வயதில் மறைந்தார். 1952 முதல் 69 ஆண்டுகள் அரசியின் துணைவர். பிரிட்டனில் அத்தனை காலம் அந்த நிலையில் இருந்தவர் வேறு எவருமிலர். முடி அவர் தலையில் இல்லை; ஆட்சியாண்டு அவர் பெயரால் எண்ணப்படவில்லை. மனைவிக்குப் பின்னே நடந்தார். 2017 இல் ஓய்வு பெறுமுன் தனியாகக் கலந்துகொண்ட நிகழ்ச்சிகள் மட்டும் 22,219!

அவர் மறைந்ததும் பி.பி.சி. மற்ற நிகழ்ச்சிகளை ஒதுக்கிவிட்டு அவர் புகழே பாடிற்று. விளைவு? ஏறத்தாழ 1,10,000 முறையீடுகள். போதும், போதும் என்றவர்கள் அந்நாட்டு மக்களேதாம். தொற்றுநோய்க் காலமாகையால் இறுதிச் சடங்கில் 30 பேரே இருந்தனர். அரசி தன்னந்தனியே அமர்ந்திருந்தார். புகழுரை வேண்டாம் என்பது மறைந்தவரின் விருப்பம். விவரமறிந்த மனிதர்!

இனி, நம் தகடூர் நாட்டுக்கு வாருங்கள். தருமபுரி அகழ்வைப்பகத்திலே நடுகற்கள் நிற்கின்றன. பல்லவர் கால நடுகல்லின் எழுத்தைப் படித்துப் பாருங்கள். முதலில் மன்னன் பெயர், ஆட்சியாண்டு. அடுத்து, இன்னாருடைய சேவகன், இன்னான், ஆநிரை மீட்கையில் பட்டான் என்ற செய்தி. அவ்வளவே! மன்னன் அங்கே ஆண்டைக் குறிக்கும் நாட்காட்டி, கல் சேவகனுக்கு. செங்கத்துப் பக்கம் எடுத்தனூரிலே, எருமைகளைக் காக்க மாண்டவனோடு, கள்வரைக் கடித்துக் காத்த அவன் நாயும் பெயரோடு கல்லில் நிற்கிறது.

அதியமான் நெடுமானஞ்சி மாண்டபோதும் அதே நடுகல்தான். பீலி சூட்டி, சிறு கலத்திலே கள்ளை உகுத்தார்கள். மலையோடு நாட்டையே கொடுத்தாலும் கொள்ளாதவன் இந்தச் சிறு கள்ளைக் கொள்வானோ என்று புறநானூற்றிலே ஔவை கேட்கிறார். அவர் கலங்கியது தம்மோடு உண்ட நண்பனுக்காக.

பிலிப்பும் முடிக்கு ஒரு சேவகரே. நம் முறைப்படி அவருக்குக் கல் நாட்டலாம் என்று வைத்துக்கொள்வோம். நெடுநாள் உழைத்தார் என்று எழுதுங்கள், மறுக்கவில்லை. ஆனால் 1997 அக்டோபரில் அவர் அமிருதசரசு வந்ததையும் எழுதவேண்டும். ஜாலியன்வாலாபாகில், சுமார் 2,000 பேர் உயிர்துறந்தனர் என்ற பலகையைப் பார்த்து, அது மிகை, காயமுற்றோரையும் சேர்த்திருப்பார்கள் என்றார். ஆதாரமாகக் காட்டியது, கடற்படையில் தாம் சந்தித்த டயரின் மகன் சொல்லை! 1919 ஏப்ரல் 13 இல் மாண்டோர் 379 பேர் என்பது ஆங்கில அரசின் கணக்கு. கணக்கிலே வேறுபாடு உண்டு. குண்டு துளைத்த சுவர் இன்றும் நிற்கிறது.

அவர் மறைந்த நான்காம் நாள், அந்தப் படுகொலையின் நினைவுநாள். இரங்கல் உரைத்தோரில் எத்தனை பேருக்கு அது நினைவில் இருந்தது?