பலூனுக்குள் ஒரு வாயு

விழாப் பந்தலில் கூரையைத் தொட்டு நிற்கும் பலூன்களைக் கண்டிருப்பீர்கள். அவற்றை உயர்த்துவது ஹீலியம். 1868-இல் கதிரவனின் ஒளியில் தடம் காட்டி, 1895-இல் ராம்சேயின் கையில் அகப்பட்ட வாயு. ஒரு லிட்டர் காற்று ஏறத்தாழ 1.2 கிராம் எடையுள்ளது, ஹீலியமோ 0.2 கிராமுக்கும் குறைவு. ஹைட்ரஜன் இதனினும் இலேசு, மலிவுங்கூட. ஆயினும் ஒரு தீப்பொறி பட்டால் வெடித்து முகத்தைப் பொசுக்கிவிடும். ஹீலியம் எரியாது.

உருளையை நிமிர்த்தி வைத்துச் சாயாதபடி கட்டுங்கள், சன்னல்களைத் திறந்துவிடுங்கள். பலூனின் வாயைக் குழாய்முனையில் இறுகப் பிடித்துக்கொண்டு வாயுவை மெல்லத் திறக்க வேண்டும். விறைக்குமளவு நிரப்பலாகாது, வெயிலில் வாயு விரிந்து பலூன் வெடிக்கும். ரப்பரின் வழியே ஹீலியம் கசியுமாதலால், விழாவுக்குச் சற்று முன்னர் நிரப்புவதே சிக்கனம்.

குரலைக் கீச்சென்று மாற்றிக் காட்டச் சிலர் இவ்வாயுவை உறிஞ்சுகின்றனர். இந்த வேடிக்கையை நான் அடியோடு வெறுக்கிறேன். நுரையீரலில் பிராணவாயுவின் இடத்தை ஹீலியம் பிடித்துக்கொள்கிறது. திணறல்கூடத் தோன்றுவதில்லை; ஏனெனில், திணறலை உணர்த்துவது பெரும்பாலும் கரியமிலவாயுவின் மிகுதி; அதுவோ வழக்கம்போல் வெளியேறிவிடுகிறது. ஆகவே முன்னறிவிப்பின்றி நினைவு தப்பும். உருளையிலிருந்து நேரே உறிஞ்சினால், அழுத்தம் நுரையீரலையே கிழித்துவிடும். இவ்வாறு மாண்ட சிறுவர்கள் உண்டு. விழா முடிந்தபின் மூலையில் கிடக்கும் உருளையில் வாயு எஞ்சியிருக்கும். அதனை இறுக மூடி, சிறுவர் கைபடாத அறையில் பூட்டிவையுங்கள்.